மௌனம் என்னும் அதிகாரம்

அதிகாரம் பேசும்போது அதனை இனங்காண்பது எளிது. சட்டமாகவும் சுற்றறிக்கையாகவும் தடியடியாகவும் அது பேசும்போது, எதிர்த்து நிற்பவனுக்குத் தான் எதனை எதிர்க்கிறான் என்பதாவது தெரிகிறது. ஆனால் அதிகாரம் பேசாமலிருந்தும் ஆளுகிறது. கேட்ட கேள்விக்கு விடை தராமல், அனுப்பிய கடிதத்துக்குப் பதில் எழுதாமல், 'தீர்மானித்துவிட்டோம்' என்றோ 'தீர்மானிக்கவில்லை' என்றோ சொல்லாமல், குடிமகனைத் தன் வாசலிலே நிறுத்தி வைப்பதும் ஓர் ஆட்சிமுறையே. இந்த இரண்டாவது முறையைப் பற்றி நம் முற்போக்காளர் அதிகம் எழுதியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்வேன்.

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். சொந்த வழக்கை மறைத்துக்கொண்டு பொதுநியாயம் பேசுவது நேர்மையன்று.

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வாவிக் கரையோரமாக அமைந்த தன்னாமுனையில் வாழ்பவன் நான். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, பத்தாண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருபவன். பல்கலைக்கழகம் ஒன்று தமிழ்த்துறை விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் செய்தபோது விண்ணப்பித்தேன். அரச பாடசாலை ஆசிரியன் தானாக விண்ணப்பம் அனுப்பிவிட முடியாது. அதிபரின் கையொப்பமும் வலயக் கல்வி அலுவலகத்தின் முத்திரையும் பெற்றே அனுப்பவேண்டும். ஆகவே என் விண்ணப்பம் பல்கலைக்கழகத்தை அடையுமுன்பே ஊரை அடைந்துவிட்டது.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து சென்றேன். அலுவலக விறாந்தையில் ஒரு நீண்ட வாங்கு. அதிலே என்னைப் போல் இன்னும் அறுவர். மூவர் பாடசாலை ஆசிரியர்; இருவர் அதே துறையில் தற்காலிக விரிவுரையாளராகப் பணிபுரிபவர்கள்; ஒருவர் வேலையற்ற பட்டதாரி. எங்கள் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைப் பார்த்தார்கள், மாதிரி விரிவுரை நிகழ்த்தச் சொன்னார்கள், கேள்விகள் கேட்டார்கள். எல்லாம் முடிந்ததும், "நல்லது, தபால் மூலம் அறிவிப்போம்" என்றார்கள்.

எட்டு மாதங்கள் ஆகின்றன. அறிவித்தல் இல்லை. இரண்டு கடிதங்கள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவற்றுக்கும் பதில் இல்லை. மூன்று முறை தொலைபேசியில் கேட்டேன். முதல்முறை, "விடயம் இன்னும் பேரவைக்குப் போகவில்லை" என்றார்கள். இரண்டாம் முறை, "போய்விட்டது" என்றார்கள். மூன்றாம் முறை, "அதற்குப் பொறுப்பானவர் இன்றைக்கு விடுமுறை" என்றார்கள். எங்கள் ஊர்த் தபாற்காரர் என்னைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தாமலே, "இண்டைக்கும் இல்ல சேர்" என்று சொல்லிப் போகப் பழகிவிட்டார். வீட்டிலே தாயார், "என்ன மனே, கடிதம் வந்திச்சா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்டபோது இருந்த சங்கடத்திலும், கேளாமல் விட்டபோது உண்டான சங்கடமே பெரிது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதவில்லை. அச்சம் மட்டும் அதற்குக் காரணமன்று. அச்சமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது ஒரு நிறுவனத்தின் தனிக் குற்றமாக இருந்தால் பெயர் சொல்லிக் கண்டிக்கலாம். அன்றைய வாங்கில் இருந்த அறுவரும் தத்தம் அனுபவங்களைச் சொன்னார்கள். ஒருவருக்கு நான்கு நேர்முகங்கள், நான்கிலும் மௌனம். வழக்கமாகிவிட்ட ஒன்றை ஒரு பெயரின் தலையில் சுமத்துவது, ஏனையோரைத் தப்பவைப்பதாகும்.

"இது ஒரு பெரிய விடயமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். இந்த மண்ணிலே அதற்குத் தனிக் கனம் உண்டு. தன்னாமுனையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்ததும் வந்தாறுமூலை வருகிறது. 1981ஆம் ஆண்டு ஓகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக அங்கே தொடங்கி, 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அவ்வளாகம், 1990இல் அகதிகளின் தஞ்சமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. 2006 டிசெம்பர் 15ஆம் திகதி அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் இரவீந்திரநாத் கொழும்பிலே காணாமற்போனார், அவரும் திரும்பவில்லை. பிள்ளை எங்கே, கணவன் எங்கே என்று கேட்டுக் கச்சேரிகளிலும் ஆணைக்குழுக்களிலும் மனுக் கொடுத்துக் கொடுத்தே முதுமை எய்திய தாய்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களின் காத்திருப்புக்கு முன்னால் ஓர் ஆசிரியனின் காத்திருப்பு தூசு. இரண்டையும் ஒரே தராசில் இடுபவன் மனிதனல்லன்.

நான் அவற்றை ஒப்பிடவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: குடிமகன் கேட்டால் அரச நிறுவனம் விடை சொல்லவேண்டும் என்ற கடமையுணர்வு அற்றுப்போனது எங்கே? பெரிய விடயத்தில் பதில் சொல்லாமலிருந்து பழகிய அலுவலகம் சிறிய விடயத்தில் பதில் சொல்லப்போவதில்லை. சிறிய விடயத்தில் பதில் கேட்கப் பழகாத மக்கள் பெரிய விடயத்தில் தனித்து நிற்கும் தாய்மாருக்குத் தோள்கொடுக்கப்போவதுமில்லை. 'இது சிறிய விடயம், விட்டுவிடு' என்னும் அறிவுரை, அந்தத் தாய்மாருக்கு மரியாதை செய்வதுபோலத் தோன்றினும், உண்மையில் அவர்களை அலைக்கழித்த அதே மேசைக்கே பாதுகாப்பு அளிக்கிறது.

இனி, பல்கலைக்கழகம் என்ற நிறுவனத்துக்குள் உள்ள ஒரு முரண்பாட்டைப் பாருங்கள். என் மாணவன் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். சுட்டெண்ணுக்கு எதிரே பெறுபேறு வெளிவருகிறது. ஐயமிருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கிறான். பல்கலைக்கழக அனுமதிக்கு எந்த மாவட்டத்துக்கு, எந்தக் கற்கைநெறிக்கு, எந்த இசட் புள்ளி வெட்டுப்புள்ளி என்பது, தசம தானம் நான்கு வரை கணிக்கப்பட்டு, நாடறிய வெளியிடப்படுகிறது. கிடைக்காதவனுக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பது தெரியும். இந்தப் பகிரங்கத்தன்மை யாரும் தானமாகத் தந்ததன்று. 1971இல் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பும், அதன்பின் பல பத்தாண்டுகள் நீடித்த வாதப்பிரதிவாதங்களும் இதன் பின்னணியில் உள்ளன. புள்ளி இட்டவர் யார், எப்படி இட்டார், எந்த விதியின்படி இட்டார் என்று ஒரு தலைமுறை கேட்டது.

அந்த மாணவனுக்குக் கற்பிக்கப்போகும் விரிவுரையாளனைத் தெரிவுசெய்யும்போது மட்டும் கதவு மூடப்படுவது ஏன்? எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தகைமைக்கு எத்தனை புள்ளி, மாதிரி விரிவுரைக்கு எத்தனை புள்ளி, நான் எத்தனையாவது இடம் என்பவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு உள்ள உரிமை, அப்பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியனுக்கு இல்லை!

சட்டம் இல்லையா என்றால், உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களும் அச்சட்டத்துக்கு உட்பட்ட பகிரங்க அதிகாரசபைகளே. கோரிக்கை கிடைத்து 14 வேலைநாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்கவேண்டும். அதன் 35ஆம் பிரிவு, தன்னோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு தீர்மானத்துக்கான காரணத்தை எழுத்திலே கேட்டுப் பெறும் உரிமையைக் குடிமகனுக்கு அளிக்கிறது. இதற்கும் முன்னதாக, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே, ஆட்சேர்ப்புத் திட்டத்துக்கு முரணாகச் செய்யப்பட்ட நியமனங்களை விசாரிப்பதற்கென ஒரு மேன்முறையீட்டுச் சபையை ஏற்படுத்தியது.

ஆனால் முறையீடு செய்வதற்கு முறையிடத்தக்க ஒரு தீர்மானம் நடந்தது என்பது தெரிந்திருக்கவேண்டும். 'நீர் தெரிவுசெய்யப்படவில்லை' என்ற ஒரு வரி கிடைத்தாலல்லவா, 'ஏன்?' என்று கேட்கமுடியும்? இந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதனால், மேன்முறையீட்டு உரிமை சட்டப்புத்தகத்திலே பத்திரமாக இருக்க, அதனைப் பயன்படுத்தவேண்டியவன் பஸ் தரிப்பிடத்திலே நிற்கிறான். மௌனம் சோம்பலினால் விளைவதாகவே வைத்துக்கொள்வோம். சோம்பலினால் விளைந்தாலும் அதன் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே அரசியல்.

அவர்கள் சொல்லக்கூடிய சமாதானங்களையும் நியாயமாக எடுத்துப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச சேவைக்கு ஆட்சேர்ப்பதில் திறைசேரி இறுக்கமான கட்டுப்பாடுகளை விதித்தது உண்மை. விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டு நீங்கியதும், எஞ்சியோர் இருமடங்கு சுமை சுமப்பதும் உண்மை. அலுவலகங்களில் ஆட்பற்றாக்குறை என்பதும் உண்மையாகலாம். நான் இவற்றை மறுக்கவில்லை. ஆனால் 'நிதி அனுமதி கிடைக்கவில்லை, நியமனம் தாமதமாகும்' என்று எழுதுவதற்கு எந்தத் திறைசேரியின் அனுமதி வேண்டும்? எழுவருக்கு ஏழு கடிதம். நேர்முகத்துக்கு அழைக்க ஆள் இருந்தது; முத்திரை இருந்தது; முகவரியும் இருந்தது. அழைக்கும்போது தெரிந்த முகவரி, அறிவிக்கும்போது மறந்துபோவதில்லை.

மெய்யான காரணம் வேறு. காத்திருப்பவன் மலிவானவன். நிரந்தரப் பதவி வெற்றிடமாகக் கிடக்க, அதே விரிவுரைகளைத் தற்காலிக விரிவுரையாளர் குறுகிய கால ஒப்பந்தத்திலும், வருகைதரு விரிவுரையாளர் மணித்தியாலக் கணக்கிலும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நாளை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையே அவர்களை இன்று வாய்திறவாமல் வைத்திருக்கிறது. நம்பிக்கையை முறிக்கவும் கூடாது, நிறைவேற்றவும் கூடாது, இழுத்துக்கொண்டே போகவேண்டும். 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவிலே வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்ததை நம் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். கடல்கடந்த தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கே அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரோடு, தொகுப்பூதியத்திலே ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள் ஏராளம். 2019இல் உதவிப் பேராசிரியர் பதவிகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு அறிவித்தல் வெளியாயிற்று, விண்ணப்பித்தவர்கள் காத்திருந்தார்கள், அம்முயற்சி நிறைவேறாமலே கைவிடப்பட்டது. 'கௌரவம்' என்ற சொல்லைச் சம்பளத்துக்குப் பதிலாக வழங்கும் சாமர்த்தியத்தை இரு கரையிலும் காணலாம்.

மௌனத்தின் தீமை காத்திருப்பவனோடு முடிவதில்லை. கடிதம் வராத இடத்திலே வதந்தி வருகிறது. ஐந்தாம் மாதம் நண்பர் ஒருவர் சொன்னார்: அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருவர் வந்து கற்பிக்கத் தொடங்கிவிட்டாராம். யார் அவர் என்பதற்கு மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள். ஒருவர் ஊரைச் சொன்னார். ஒருவர் சாதியைச் சொன்னார். ஒருவர் அரசியல்வாதி ஒருவரின் பெயரைச் சொன்னார். வந்தவர் உண்மையிலேயே என்னிலும் தகுதியானவராக இருக்கலாம். அப்படியானால், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி எத்தகையது! உழைத்துப் பெற்ற பதவி ஊர்வாயிலே களவாடிய பதவியாக நிற்கிறது.

யாழ்ப்பாணத்தான் என்றும் மட்டக்களப்பான் என்றும், தமிழன் என்றும் முஸ்லிம் என்றும், சந்தேகக் கண்களோடு ஒருவரை ஒருவர் பார்க்கும் நோய் கிழக்கிலே எவ்வளவு இரத்தம் குடித்தது என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டுமா? அந்நோய்க்குச் சிறந்த உரம், காரணம் சொல்லப்படாத நியமனம். புள்ளிகளை வெளியிட்டால் தோற்றவன் தன் குறையைக் காண்பான். மறைத்தால் அயலவனின் பிறப்பைக் காண்பான். பிரதேசவாதத்தை எதிர்த்து மேடையிலே முழங்கும் பேராசிரியர்கள், தங்கள் தெரிவுக்குழுவின் கோப்பைத் திறந்து வைப்பார்களானால், அது பத்து மேடைப் பேச்சுக்குச் சமமாகும்.

இங்கேதான், முதலிலே பின்னுக்குத் தள்ளிய காரணத்துக்கு வருகிறேன். முற்போக்காளர் இதைப்பற்றி எழுதாதது ஏன்? தெரிவுக்குழுக்களில் அமர்ந்திருப்போரில் நம்மவரும் இருக்கிறார்கள். வர்க்கமுரண்பாட்டைப் பற்றி நூல் எழுதியவர். நிலப்பிரபுத்துவ மனோபாவத்தைத் தோலுரித்துக் காட்டியவர். 2012ஆம் ஆண்டு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டுமென்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ நூறு நாட்கள் நடத்திய வேலைநிறுத்தத்திலே முன்வரிசையில் நின்றவர். அப்போராட்டத்தை நாம் ஆதரித்தோம். இன்றும் நியாயம் என்கிறோம். ஆனால் அரசிடம் கணக்குக் கேட்பவர், தன் வாசலிலே நின்ற எழுவருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரல்லரா? 'அது நிர்வாகப் பகுதியின் வேலை' என்பார்கள். பண்ணையாரும் அப்படித்தான் சொல்வார்: கணக்கப்பிள்ளையைக் கேள் என்று.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை ஒளித்துக்கொள்ளலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்மொழித் தினப் போட்டியொன்றிலே நான் நடுவராக இருந்தேன். பரிசு பெறாத மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சேர், என்ட கட்டுரையில என்ன பிழை?" என்று கேட்டாள். "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்றேன். அவள் தலைகுனிந்து போய்விட்டாள். அவளுடைய கட்டுரையில் என்ன பிழை என்பது எனக்கு அப்போது தெரியும். சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லவில்லை. ஏனெனில் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. இந்த எட்டு மாதங்களிலே அந்தப் பிள்ளையின் முகம் பலமுறை நினைவுக்கு வந்தது. அதிகாரம் கொழும்பிலே மட்டும் இருப்பதன்று. ஒரு சிவப்புப் பேனா கையிலே கிடைத்தால் போதும். இதனை ஒப்புக்கொள்ளாமல் நான் எழுதும் கண்டனத்துக்குப் பெறுமதி இல்லை.

பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இன்று எழுப்பப்பட்டிருக்கும் மதில் என்றும் இருந்ததன்று. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர்; 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானவர். கா. சிவத்தம்பி பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் கொழும்பு சாஹிராக் கல்லூரியிலே ஆசிரியராக இருந்தவர். வகுப்பறையின் சுண்ணக்கட்டித் தூள் அவர்களின் புலமைக்கு இழுக்கைத் தரவில்லை, வேரைத் தந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழைப்பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவந்தது. மாணவனாக உள்ளே போகவும் பட்டத்தோடு வெளியே வரவும் அது வழிசெய்தது. ஆசிரியனாக மீண்டும் உள்ளே போகும் வழி இருளிலே கிடக்குமானால், அந்தச் சாதனை பாதியிலே நிற்கிறது என்பதே பொருள்.

'பொறுமை கடலினும் பெரிது' என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் அதை எப்போதும் காத்திருப்பவனுக்கே சொல்கிறோம். காக்கவைப்பவனுக்கு ஒரு பழமொழியும் சொல்வதில்லை. "அதிகம் கேட்டால் அடுத்த முறை உம்மை நினைவு வைத்துக்கொள்வார்கள்" என்று மற்றொருவர் எச்சரித்தார். அவர் என் நன்மைக்கே சொன்னார். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: கேள்வி கேட்டவனை நினைவில் வைத்துத் தண்டிக்கக்கூடிய இடம் என்று ஓர் அறிவாலயத்தைப் பற்றி நாம் இயல்பாகப் பேசிக்கொள்கிறோம்! கேள்வி கேட்கப் பழக்குவதற்காகவே அமைந்த நிறுவனம் அல்லவா அது? அங்கே கேள்வி குற்றமானால், உள்ளே நடக்கும் ஆராய்ச்சி எதனை ஆராயும்?

நான் கேட்பது பதவியை அன்று. அதற்கு என்னிலும் தகுந்தவர் இருந்தால் அவரே பெறட்டும். அவருக்கு என் வாழ்த்து. நான் கேட்பவை நான்கே. நேர்முகம் முடிந்த அன்றே, எத்திகதிக்குள் முடிவு அறிவிக்கப்படும் என்று எழுத்திலே தருக. அத்திகதிக்குள் முடியாவிட்டால், முடியவில்லை என்பதை எழுதுக. முடிவானதும் தெரிவுசெய்யப்படாதவருக்கும் அவருடைய புள்ளிகளோடு கடிதம் அனுப்புக. அக்கடிதத்திலேயே முறையிடும் வழியையும் குறிப்பிடுக. இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. ஒரு தாளும் ஒரு முத்திரையும் வேண்டும். இவ்வளவு எளிதானதை ஒரு நிறுவனம் மறுக்குமானால், அது மறுப்பது செலவைக் கருதியன்று என்பது வெளிப்படை.

இக்கோரிக்கையை ஆசிரியர் சங்கங்கள் எடுக்கவேண்டும். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களும் எடுக்கவேண்டும்; அவர்களுக்கே அது முதற்கடமை. மாணவர்களும் இதனைத் தங்கள் விடயமாகக் கொள்ளவேண்டும். தமக்குக் கற்பிப்பவர் எவ்வாறு தெரிவானார் என்று அறியும் உரிமை அவர்களுக்கு இல்லையென்றால், வேறு யாருக்கு உண்டு? தனித்தனியே வாங்கில் அமர்ந்து, ஒருவரை ஒருவர் போட்டியாளராகப் பார்த்து, தனித்தனியே பஸ் ஏறிக் கலைந்துபோன எழுவரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிடுவார்களானால், அதுவே தொடக்கமாகும். அவர்களில் நால்வரோடு நான் பேசிவிட்டேன்; இருவர் சம்மதித்திருக்கிறார்கள். இருவர் யோசிக்கிறார்கள். அவர்கள் இன்னும் தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அவர்களின் தயக்கத்தை நான் பழிக்கமாட்டேன்.

இக்கட்டுரையை இதழுக்கு அனுப்பும் நாளிலேயே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் என் விண்ணப்பத்தையும் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். பதினான்கு வேலைநாட்கள் என்று சட்டம் சொல்கிறது. நாளை காலை பாடசாலைக்குப் போனதும் அந்தப் பழைய மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கவேண்டும். அவளுக்கு நான் சொல்லவேண்டிய விடை ஒன்று பாக்கி இருக்கிறது.